நுரை காயட்டும்

அவர் எப்போதும் மோவாயைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பார். முதல் தடவை பார்க்கிறவர்கள், சரியான திமிர் பிடித்த ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிக்குக் காரணம் இமைகள். இரண்டு இமைகளும் துருப்பிடித்த ஷட்டர் மாதிரி பாதிக்கு மேல் ஏறாது. எதிரே நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இமைக்குக் கீழே மிச்சமிருக்கும் இடுக்கு வழியாகத்தான் அவர் பார்க்க வேண்டும்.

முடி வெட்டுகிறவருக்கு இப்படி ஒரு கண் வாய்த்தால் தெரு சும்மா இருக்குமா?

"என்னண்ணே, தூங்கிக்கிட்டே வெட்டுறீங்களா, வெட்டிட்டுத் தூங்குவீங்களா?"

"உன் தலையில முழிச்சுப் பார்க்கிற அளவுக்கு என்னடா இருக்கு? தூக்கத்துலயே முடிச்சிருவேன், உக்காரு."

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கும் நடுவில் அவருடைய சலூன். இரண்டு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, பின்னால் கை கழுவும் தொட்டி, அதை மறைக்க ஒரு பிளாஸ்டிக் திரை. முதல் நாற்காலி அவருடையது. இரண்டாவதில் நிற்பவருக்குத் தலையில் பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது. எல்லோருக்கும் அவர் மொட்டை. "கடைக்கு விளம்பரமே சரியில்ல" என்று வருகிற ஆள் எல்லாம் சொல்வார்கள். "இது எச்சரிக்கைப் பலகை" என்று மொட்டையே பதில் சொல்வார்.

இருவரும் ஒரே இடத்தில் தொழில் கற்றவர்கள். அங்கே கற்ற இரண்டு கட்டளைகளைக் கடைசிவரை சுமந்தார்கள். முகத்தில் நுரை போட்டுவிட்டால் வேலையை முடித்துவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைக்க வேண்டும். ஒருவர் கை வைத்த முகத்தில் இன்னொருவர் கத்தி படக் கூடாது. பாதி முகத்தோடு ஓர் ஆளை உட்கார வைப்பது, பாதிப் பாலத்தில் வண்டியை நிறுத்துகிற மாதிரி என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமையானால் பெஞ்சு நிரம்பி வாசல்வரை ஆள் நிற்கும். ஒரு முகம் முடிவதற்குள் அடுத்த முகம் உட்கார்ந்துவிடும். காலையில் ஒரு டீ, மாலையில் ஒரு டீ. சாப்பாட்டு டப்பா போன மாதிரியே வீட்டுக்குத் திரும்பி வரும்.

"ஞாயித்துக்கிழமை வயித்துக்கு லீவு" என்பார் மனைவியிடம்.

"லீவு விட்டா அதுவும் எங்கயாவது போயிடப் போகுது" என்று டப்பாவை வாங்கிக் கழுவப் போடுவாள் அவள்.

நாற்பதைத் தாண்டியதும் உடம்பு ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கியது. முதலில் இமை. பிறகு, சாயங்காலமானால் சீப்பே கனக்கிறது என்றார். மாடிப்படியில் நடுவில் நின்று, எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பிப் பார்ப்பார். மூச்சு வாங்குவதற்கு அது ஒரு சாக்கு. காதும் மந்தமானது. அப்புறம் சர்க்கரை. மகள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிகளை இயந்திரத்தில் ஏற்றி அளவு பார்க்கிறவள். அப்பாவின் சர்க்கரை அளவைப் பார்த்தபோது, அவர் உடம்புவாகுக்கு இது பொருந்தவில்லையே என்று அவளுக்குப் பட்டது. சர்க்கரைக்காரர்கள் பெரும்பாலும் பருமனாக வருவார்கள். இவர் சீப்பு மாதிரி இருந்தார்.

இந்த நேரத்தில்தான் மச்சான் உள்ளே நுழைந்தார். மனைவியின் தம்பி. உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். அவருடைய சட்டைக் கைகள் எப்போது வேண்டுமானாலும் தையல் விடும் என்ற நிலையில் இருக்கும்.

"மாமா, நீங்க வயித்தைக் காயப் போடணும். சாயங்காலத்தோட நிறுத்திடுங்க. மறுநாள் மத்தியானம் வரைக்கும் தண்ணி மட்டும். உடம்பு தானா கொழுப்பை எடுத்து எரிச்சுக்கும். சர்க்கரை ஓடிப் போயிடும். என்னைப் பாருங்க."

"எரிக்கிறதுக்கு என்கிட்ட என்ன கொழுப்பு இருக்கு மச்சான், வாய்க்கொழுப்பைத் தவிர?"

"அதையும் சேர்த்து எரிச்சிடும்."

மச்சானுக்கு அந்தப் பட்டினி நல்லதுதான் செய்திருந்தது. அவரிடம் வருகிற பாதிப் பேருக்கும் நல்லதே செய்தது. வம்பே அதுதான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவரை யார் மறுப்பது? மருந்து எழுதிக் கொடுத்த பக்கத்துத் தெரு டாக்டரும் "சாப்பாட்டைக் குறைங்க" என்றே சொல்லியிருந்தார். அப்பா குறைத்தார். இரவுச் சாப்பாடு போனது, காலைச் சாப்பாடு போனது. ஞாயிற்றுக்கிழமை மூன்றுமே போனது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விழுந்தார். நாற்காலியில் ஒரு பள்ளி மாணவனின் அப்பா, கழுத்து முழுக்க நுரை. கால் மடங்குவது தெரிந்ததும் கத்தி பிடித்த கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கிக் கடக்கிறவன் மாதிரி, கத்தியை மட்டும் மேலே நிறுத்திவிட்டு உடம்பு முழுக்கக் கீழே போனது. நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு கீறல் இல்லை. மொட்டை அவர் கையிலிருந்து கத்தியை எடுத்தபோது, ஓடி வந்த ஆள் மாதிரி விழுந்தவருக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. பிறகு வாந்தி.

ஆஸ்பத்திரியில் மகள் முதலில் கேட்டது ரத்தத்தில் லாக்டிக் அமிலம், அதாவது தசை அளவுக்கு மீறி உழைத்தால் சேர்கிற அமிலம், எவ்வளவு என்று. அங்கே இயந்திரம் பார்க்கிறவர், அளவு தப்பாக வந்துவிட்டது என்று இரண்டாவது தடவை ஓட்டியிருந்தார். இரண்டாவது தடவையும் அதே அளவு. அந்த எண்ணை அவள் இரண்டு வகை ஆட்களிடம் பார்த்திருக்கிறாள்: உயிர் போகும் நிலையில் இருப்பவர்கள், அல்லது அப்போதுதான் பந்தயம் ஓடி முடித்தவர்கள். அப்பா எங்கும் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று ஒரு கன்னத்தை மழித்திருந்தார்.

நரம்புக்கும் தசைக்கும் பார்க்கிற டாக்டர் அம்மா வந்தார். சின்ன உருவம், பெரிய குரல். அப்பாவின் காது மந்தம் என்று தெரிந்தபிறகு குரல் இன்னும் பெரிதானது. இமைகளை விரலால் தூக்கிப் பார்த்தார். கையை மேலே பிடிக்கச் சொல்லி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்.

"உங்க அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்குமா?"

"சின்ன வயசுலயே போயிடுச்சு. ஏன்?"

"சர்க்கரை?"

"இருந்தது." அவர் கொஞ்சம் யோசித்தார். "எப்பவும் களைப்பா இருப்பாங்க. எந்த வேலையும் பாதியில நிக்கும். சோம்பேறின்னு சொல்லிச் சொல்லியே எல்லாரும் அனுப்பி வச்சாங்க."

  தசையில் ஒரு துணுக்கு எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், முடிவு வர நாளானது. வந்தபோது அந்தச் சின்ன அறையில் அப்பா, அம்மா, மகள், வாசல் நிலையில் பாதி உள்ளே பாதி வெளியே மச்சான்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு நிறைய இருக்கும். சாப்பாட்டை எரிச்சு சக்தியா மாத்துற அடுப்புன்னு வச்சுக்குங்க. உங்களுக்கு அதுல பாதிக்கு மேல பழுது. அதிகமா வேலை செய்யிற இடத்துலதான் முதல்ல தெரியும். இமை, கை, காது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துற கணையம்."

"அப்ப பட்டினி...?" என்றார் மச்சான் வாசலிலிருந்து.

"பட்டினி கெடந்தா உடம்பு கொழுப்பைத்தான் எடுக்கும். கொழுப்பை எரிக்க அந்த அடுப்பை விட்டா வேற வழியே இல்ல. எது பழுதோ அது மேலயே எல்லாப் பாரத்தையும் ஏத்துறோம். மாவுச்சத்துன்னா, அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடியே வழியில கொஞ்சம் சக்தியைக் குடுத்துட்டுப் போகும்."

"அப்படின்னா சர்க்கரையை அள்ளி அள்ளிக் கொட்டிக்கவா?" என்றார் அப்பா.

"அதுவும் ஆகாது. ஒரே நேரத்துல கொட்டினா அடுப்பு வாங்காது. வாசல்லயே தேங்கி அமிலமா மாறும். கொஞ்சமா சாப்பிடணும். மாவு, முட்டை, பருப்பு, கொஞ்சம் கொழுப்பு, எல்லாம் கலந்து. வயித்தை நீளமா காலியா விடவே கூடாது. ராத்திரி தூக்கமும் ஒரு பட்டினிதான், அதுக்கும் ஏற்பாடு பண்ணணும்."

அப்பா தலையைச் சாய்த்து, இடுக்கு வழியாக டாக்டரை அளந்தார். "கடையில ஒரு பழைய டிரிம்மர் இருக்கு. பேட்டரி செத்துப் போச்சு. எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் நிக்காது. ஆனா வயரைச் சொருகி வச்சா ஒழுங்கா ஓடும். நான் அந்தக் கேஸா?"

"கிட்டத்தட்ட. ஆனா வயரைச் சொருகினா பேட்டரி சரியாகாது. அதையும் புரிஞ்சுக்குங்க. இந்தச் சாப்பாடு மருந்து இல்ல, நோய் நிக்காது. விழாம பார்த்துக்கும். இதே நோயில இன்னொருத்தருக்கு வேற சாப்பாடு சொல்லுவேன். உங்களுக்கு இது."

சர்க்கரைக்கு எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையையும் மாற்றினார்; அமிலத்தைக் கூட்டக்கூடிய வகை அது. எழுந்து கதவருகே போனபிறகு அப்பா திரும்பினார்.

"எம் பொண்ணுக்கு?"

"வராது. இது அம்மா வழியா மட்டும்தான் இறங்கும். உங்க அம்மாகிட்டருந்து உங்களுக்கு வந்தது. உங்களோட நின்னுடும்."

மகளுக்கு அது தெரியும். படித்திருக்கிறாள். தெரிந்தும், அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தாள்.

"சரி" என்றார் அப்பா. "அப்ப என்கூட மட்டும்தான் அதுக்குச் சண்டை. வரட்டும்." வழியில், வண்டியில், வெகு நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "எங்க அம்மா சோம்பேறி இல்ல."  அதைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

வீட்டுச் சமையல் தலைகீழானது. பெரிய தட்டு உள்ளே போய்ச் சின்னத் தட்டு வெளியே வந்தது. இரவு படுக்கும் முன், சமைக்காத சோள மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்துக் குடிக்க வேண்டும்; பச்சை மாவு மெதுவாகத்தான் கரையும், விடியும்வரை வரும். மகள் தராசு வைத்து அளந்து கொடுத்தாள்.

"இத்தனை வருஷம் சமைச்சுப் போட்டுட்டு, கடைசியில பச்சை மாவைக் கரைச்சுக் குடுக்கிறேன்" என்றாள் அம்மா. "வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"சுவருக்கு வெள்ளை அடிக்கிறவன் பார்த்தா உன்னை வேலைக்குக் கூப்பிடுவான்" என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவருக்குக் கண்ணை மூடுவது சுலபம். அதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

பகலுக்கு மகள் அவருடைய செல்போனில் அலாரம் வைத்தாள். மெல்லிய மணிச் சத்தம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் சேவல் கூவுகிற சத்தம் ஒன்று கேட்டது. அதையே வைத்தார்கள். இரண்டு இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை சலூனுக்குள் சேவல் கூவியது. பெஞ்சில் இருப்பவர்கள் துள்ளி எழுந்தார்கள். கண்ணாடிக் கடையில் சொல்லி, மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு மெல்லிய கம்பியைப் பொருத்தி, இமையை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். நெடுநாளுக்குப் பிறகு நேரே பார்த்தார். மோவாய் மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது.

சிக்கல் நுரையில் வந்தது. சேவல் எப்போது கூவும் என்பதற்கும் முகம் எப்போது முடியும் என்பதற்கும் சம்பந்தமில்லை. முதல் சில வாரங்கள் அவர் பழைய கட்டளைப்படியே நடந்தார். "இந்த ஒரு முகம்" என்பார். அது முடிவதற்குள் அடுத்தவர் உட்கார்ந்திருப்பார். "இதையும் பார்த்துட்டு." சாயங்காலம் கைகள் இரண்டும் அறுந்த கயிறு மாதிரி தொங்க வீட்டுக்கு வருவார். சட்டையைக் கழற்ற அம்மா உதவ வேண்டியிருந்தது. ஒருநாள் தொங்கும் கையைத் தானே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சேவல் கூவியபோது, பாதி மழித்த முகத்தை அப்படியே விட்டுவிட்டுக் கத்தியைத் தட்டில் வைத்தார்.

மொட்டை தன் கத்தரியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "அண்ணே, நுரை காயுதுண்ணே."

"காயட்டும். நான் காயக் கூடாது."

கை கழுவிவிட்டு, ஒரு ரொட்டி, ஒரு முட்டை, பாதி வாழைப்பழம். அவசரமே இல்லாமல் மென்றார். திரையை இழுத்து மூடவில்லை. நாற்காலியில் இருக்கிறவர் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்க்கலாம். முடித்துவிட்டு வந்து புதிதாக நுரை போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

சிலர் அடுத்த முறை வரவில்லை. சிலர் வந்து, "இன்னிக்குச் சேவலுக்கு முன்னாடி முடிஞ்சிடுமா?" என்று பேரம் பேசினார்கள். மச்சானுக்கு இதெல்லாம் தாங்கவில்லை. தான் சொன்ன பட்டினிதான் மாமாவைக் கீழே தள்ளியது என்று நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டிருந்த மனிதர். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் உறுத்தியது. கடைசியில் அந்த உறுத்தல் பிடிவாதமாக மாறி வந்து நின்றது.

"அக்கா, கடையை விட்டுடலாம். நல்ல ஆள் ஒருத்தர் கேக்கிறார். மாமா வீட்ல இருக்கட்டும். நான் பார்த்துக்கிறேன்."

அம்மாவுக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். இன்னொரு தடவை அவரை மொட்டை தூக்கிக்கொண்டு வருவதை அவளால் பார்க்க முடியாது. "ஒரு வார்த்தை யோசிங்களேன்" என்றாள்.

அப்பா சோள மாவுப் பாலைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்தார். "ஒரு ஞாயித்துக்கிழமை அந்த ஆளைக் கூட்டிட்டு வா மச்சான். காலையில ஷட்டர் ஏத்துறதுலருந்து உக்காந்து பாருங்க. அன்னிக்கு முழுக்க என்னால நிக்க முடியலைன்னா, சாவியை நானே குடுத்துடுறேன். நின்னுட்டேன்னா, இந்தப் பேச்சை நீ எடுக்கக் கூடாது."

"மாமா, உடம்போட பந்தயம் கட்டாதீங்க."

"உடம்புதான் முதல்ல கட்டுச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பாட்டு டப்பாக்களோடு திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கடை கேட்ட ஆள் வெள்ளைச் சட்டையும் வாசனையுமாக வந்து பெஞ்சின் கோடியில் அமர்ந்தார். பக்கத்தில் மச்சான், நகத்தைக் கடித்தபடி. கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. முதல் சேவல் ஒரு பையனின் முடிவெட்டில் வந்தது, பிரச்சினை இல்லை. இரண்டாவது சேவல்தான் சோதனை.

அப்போது முதல் நாற்காலியில் ஒரு கல்யாண மாப்பிள்ளை. அன்றைக்கே கல்யாணம். வெளியே காரில் ஆட்கள், உள்ளே அவனுடைய தாய்மாமன். லாரி வைத்து ஓட்டுகிறவர், லாரி ஹாரன் மாதிரியே குரல். வலது கன்னம் முடிந்து பளபளவென்று இருந்தது. இடது கன்னத்தில் நுரை. சேவல் கூவியது.

 தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். மகள் அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். கொஞ்சம் தணிந்திருந்தது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னும் ஒரு கன்னம்தான். ஐந்தாறு இழுப்பு. முடித்துவிட்டால் கூட்டமும் கலையாது, கடை கேட்டவர் முன்னால் மானமும் போகாது.

அப்பா கத்தியைத் தட்டில் வைத்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

"யோவ்" என்றார் லாரிக்காரர். "எங்கய்யா போறே?"

"சாப்பிட."

"என்ன விளையாட்டு இது? அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. இவனைப் பாரு, ஒரு பக்கம் மாப்பிள்ளை, இன்னொரு பக்கம் தேடப்படும் குற்றவாளி." மொட்டை பக்கம் திரும்பினார். "நீ வாய்யா, நீ முடி."

"அண்ணன் கை வச்ச முகம். நான் தொட மாட்டேன்" என்றார் மொட்டை, தன் கையில் இருந்த தலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இது என்ன கடையா, பைத்தியக்கார விடுதியா?"

அப்பா முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் மெதுவாகத்தான் வேலை செய்தன. "ஐயா, எனக்கு ஒரு நோய். நேரத்துக்குச் சாப்பிடலைன்னா இந்தக் கை கத்தியைப் பிடிக்கும், ஆனா சொன்ன பேச்சைக் கேக்காது. கத்தி என்னுது. கழுத்து உங்க பையனுது. நீங்களே சொல்லுங்க. சாப்பிட்டுட்டு வரவா, அப்படியே வரவா?"

 மாப்பிள்ளை கண்ணாடி வழியாகத் திரைப்பக்கம் பார்த்தான்.

"சாப்பிட்டுட்டே வாங்கண்ணே." திரைப்பக்கம் கையை நீட்டினான். "இன்னொரு முட்டை இருக்கா? நேத்து ராத்திரிலருந்து பயத்துல ஒண்ணுமே இறங்கல."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. மகள் ஒரு முட்டையும் ரொட்டியும் எடுத்துக் கொடுத்தாள். நுரை படாத பக்கத்து வாயால் அவன் மென்றான். லாரிக்காரர் வாசலுக்குப் போய், காரில் இருந்தவர்களிடம் கத்தினார்: "இருங்கய்யா, மாப்பிள்ளை சாப்பிடுறான்."

அப்பா திரும்பி வந்தபோது மணிக்கட்டு நேராக இருந்தது. இடது கன்னத்தை முடித்து, பஞ்சால் ஒற்றி, நாற்காலியைத் திருப்பிவிட்டார். "போய்க் கட்டிக்க. அங்கயும் நேரத்துக்குச் சாப்பிடு."

கடை கேட்ட ஆள் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு தன் முறை வந்தபோது முதல் நாற்காலியில் போய் அமர்ந்து முடி வெட்டிக்கொண்டார். கிளம்பும்போது மச்சானிடம், "நான் வேற இடம் பார்த்துக்கிறேன்" என்றார். மச்சான் போகவில்லை. அன்றைக்குச் சேவல் கூவிய ஒவ்வொரு தடவையும் அவர்தான் எழுந்து டப்பாவைத் திறந்து வைத்தார். கடைசி ஆள் போனபோது வெளியே விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அப்பா ஷட்டரைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். தோளுக்கு மேல் போகவில்லை.

"இதை மட்டும் நீ இழு மச்சான்."

மச்சான் இழுத்தார். அதன்பிறகு எல்லா ஞாயிறும் தன் கூடத்தை மூடிவிட்டு வந்து அவரே இழுத்தார். பட்டினியைப் பற்றித் தன்னிடம் வருகிறவர்களிடம் அவர் இப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறார் என்று அம்மா சொன்னாள்: உங்க வீட்ல யாருக்காவது சீக்கிரமே காது போச்சா?

நோய் நிற்கவில்லை. டாக்டர் சொன்னபடியே அது தன் வேலையைப் பார்த்தது. நின்று வெட்டியவர் சக்கர முக்காலிக்கு மாறினார். முழு நாள் அரை நாளானது. இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கியதும் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். "இப்ப உள்ளயும் பேட்டரி" என்றார். காதில் பேச்சு விழுவது நின்றபோது, வாடிக்கையாளர்கள் கண்ணாடியைப் பார்த்து வாயசைக்கப் பழகிக்கொண்டார்கள். சேவல் சத்தம் அவருக்குக் கேட்காமல் போனது, மற்ற எல்லோருக்கும் கேட்டது. பெஞ்சில் இருப்பவர்கள் கையைத் தூக்கிக் காட்டுவார்கள், அவர் கத்தியை வைப்பார். ஆனால் இடையில் ஒருநாள்கூட அவர் கடையில் விழவில்லை. உணவு அவருக்கு உடம்பைத் திருப்பித் தரவில்லை. முதல் நாற்காலியைத் தந்தது.

லாரிக்காரர் வாடிக்கையாளராகிவிட்டிருந்தார். எப்படி என்று அவருக்கே தெரியாது. வாரம் தவறாமல் வந்து, பாதியில் சேவல் கூவினால், "ஆரம்பிச்சிட்டாங்கய்யா" என்று திட்டிவிட்டு, தன் பையிலிருந்து எதையாவது எடுத்துத் தானும் தின்பார்.

அவர் நாற்காலியில் இருந்தபோதுதான் அது நடந்தது. வலது கன்னம் முடிந்திருந்தது. அப்பா கத்தியைத் தட்டில் வைத்தார். சத்தமில்லாமல், எப்போதும் வைக்கிற மாதிரியே. "ஒரு நிமிஷம்" என்றார். முக்காலியில் சாய்ந்தவர் நிமிரவில்லை.

சேவல் அப்போது கூவவில்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மகள் ஆஸ்பத்திரியில் எல்லா அளவுகளையும் வாங்கிப் பார்த்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. இதயம் நின்றிருந்தது. பசி அவரைத் தொடவில்லை. அதை அவள் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் வீட்டில் ஆட்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சமையலறை வாசலில். மச்சான் படிக்கட்டில், முகத்தை முழங்காலில் புதைத்து. மகள் எதையும் சாப்பிடவில்லை, யாருமே சாப்பிடவில்லை. அப்போது லாரிக்காரர் உள்ளே வந்தார். எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வலது கன்னத்தில் முள் அரும்பத்தான் தொடங்கியிருந்தது. இடது கன்னத்தில் வெள்ளை முள் அடர்ந்திருந்தது.

"என்னங்க இது?" என்று உறவுக்காரர் ஒருவர் தணிந்த குரலில் கேட்டார். "வேற கடையில முடிச்சுக்க வேண்டியதுதானே?"

"அவரு என்னை எழுந்திருக்கச் சொல்லலையே" என்றார் லாரிக்காரர். ஹாரன் குரல் காற்று போய் ஒலித்தது.

மொட்டை மூலையிலிருந்து எழுந்தார். கிட்டே போய் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். வெளியே போய், கடையிலிருந்து அண்ணனுடைய தட்டையும் கத்தியையும் எடுத்து வந்தார். லாரிக்காரரை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டு போர்த்தினார். இன்னொருவர் கை வைத்த முகத்தில் முதல் தடவையாக நுரை போட்டார்.

மேசைமேல் அப்பாவின் செல்போன் இருந்தது. அதில் சேவல் கூவியது.

 மச்சான் பதறி எழுந்து அதை அணைக்கப் போனார்.

"விடு" என்றாள் அம்மா. அது கூவி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு மொட்டையைப் பார்த்தாள். கத்தியை விரித்துப் பிடித்த அவர் மணிக்கட்டு தணிந்திருந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"ஞாபகம் இல்ல அண்ணி."

"அப்படின்னா அதைக் கீழ வைங்க. முதல்ல சாப்பிடுங்க. அவரு தட்டுல வெறும் வயித்தோட யாரும் கத்தி எடுக்க வேணாம்." உள்ளே போனாள். முட்டை வேகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரொட்டியும் முட்டையும் சின்னச் சின்னத் தட்டுகளில் வந்தன. முதல் தட்டைத் தம்பியின் மடியில் வைத்தாள். "நீதான் முதல்ல. எடு." மச்சான் எடுத்தார். மகளுக்கு ஒன்று வந்தது. அவள் முட்டையைப் பிட்டு வாயில் போட்டு, அது இறங்கும்வரை மென்றாள். சுவரோரம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார்கள்.

மொட்டை கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அழுதுகொண்டே, ஆனால் நிறுத்தாமல்.

"என் மூஞ்சியில நுரை காயுதும்மா" என்றார் லாரிக்காரர், வாயில் ரொட்டியோடு.

"காயட்டும்" என்றாள் அம்மா.